இருபத்தேழாவது சுற்று

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நான்கு படுக்கை விரிப்புகளை மடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடி. அவள் கையில் இரண்டு முனை, என் கையில் இரண்டு முனை. விரிப்புக்கு ஒரு கேள்வி என்பது அவள் வழக்கம்.

"பாதி தூரம் ஒருத்தன் ஓட்டினான், மீதியை அதே கார்ல இன்னொருத்தன் ஓட்டினான். ஜெயிச்சதா ரெண்டு பேர் பேரையும் எழுதினாங்க. கார் பந்தய உலகப் போட்டியில அப்படி எத்தனை தடவை நடந்திருக்கு?"

"தெரியாதும்மா."

"மூணே தடவை. ஐம்பத்தொன்னு, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. முனையை இழுத்துப் பிடி, தரையில புரளுது பார்."

நாலாவது விரிப்புக்குக் கேள்வி வரவில்லை. "புதன்கிழமை அந்த இன்னொரு தாள் கைக்கு வந்துட்டா, சனிக்கிழமை டயர்க்காரரைப் பார்க்கப் போறேன். நீ வர்றியா?" என்றாள்.

"சனிக்கிழமை லேப்ல ஆடிட் இருக்கும்மா."

"சரி, எனக்கு பஸ் தெரியும்."

அம்மா முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்த்தாள். பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட், ஆயில் சீல். சீட்டில்லாமல் ஒரு நட்டு கூட வெளியே போகாது. மேனேஜர் வந்து கேட்டாலும் "சீட்டு எங்க சார்?" என்பாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின் சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வாந்தி வரும். ஆனால் அறுபது வருடத்துக்கு முன்னால் எந்தக் கார் எந்தப் பந்தயத்தில் எத்தனையாவது சுற்றில் நின்றது என்று கேட்டால், கடுகு தாளிப்பதை நிறுத்தாமலே சொல்வாள்.

"என் பிறந்த நாள் உங்கம்மாவுக்கு ஞாபகம் இருக்காது. நான் ஏதாவது ரேஸ்ல கவுந்து விழுந்திருந்தா இருந்திருக்கும்" என்பார் அப்பா.

பத்தொன்பது வயதில், எண்களை வேகமாக எழுதுவாள் என்று யாரோ சொல்லி, ஒரு பந்தயத்தில் சுற்று எண்ண ஒரே ஒரு நாள் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். காதில் பஞ்சு, மடியில் அட்டை, கையில் பென்சில். அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எட்டு பேர் கூடுவார்கள். ஒரு பல் டாக்டரின் கிளினிக், மூடிய பிறகு. நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளில் உட்கார்ந்து பந்தய வரலாற்றில் கேள்வி பதில். பரிசு கிடையாது. அம்மாதான் கேள்வி தயாரிப்பாள், தீர்ப்பும் சொல்வாள். 'ஜட்ஜம்மா' என்று பேர். தீர்ப்பு தவறினால் என்ன செய்வது என்பதற்கும் அவளே ஒரு விதி போட்டிருந்தாள்: தவறாகச் சொன்னவர், பாதிக்கப்பட்டவரின் இடத்துக்கு நேரில் போய், ஆதாரத்தைக் கையில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. ஒரு முறை அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க மூன்று பஸ் மாறிப் பல் டாக்டரின் மாமியார் வீடு வரை போனாள். அவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இதுக்காகவா வந்தீங்க?" "பின்ன, உங்க மாமியாரைப் பார்க்கவா வந்தேன்?"

டயர்க்காரர் விஷயம் அரை மதிப்பெண் அல்ல.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். விமானம் இறங்காத பழைய ஓடுதளத்தில் நடந்த நாற்பது சுற்றுப் பந்தயம். அதன் கடைசி ஆண்டில் வென்றவர் யார்? ஒருவர் பேரைச் சொல்ல வேண்டும். அப்போது அந்த எட்டு பேரில் ஒருவராக இருந்த டயர்க் கடைக்காரர், வென்றது இரண்டு பேர் என்றார். அவர் சொன்னபடி, காரின் சொந்தக்காரர் இருபத்தாறு சுற்று ஓட்டினார். பெடல் சூட்டில் கால் வெந்துபோய் இறங்கினார். மீதியை அவருடைய மெக்கானிக் ஓட்டி முடித்தார். அந்த மெக்கானிக் டயர்க்காரரின் அண்ணன்.

"முடிவுப் புத்தகத்துல ஒரு பேர்தான் இருக்கு" என்றாள் அம்மா.

"நான் அங்க நின்னேன் ஜட்ஜம்மா. கண்ணால பார்த்தேன்."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு வயசுக் கண்ணு ஆதாரம் ஆகாது."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ, "அண்ணன் வீட்டுல வந்து நல்லா கதை விட்டிருக்காரு" என்றார்கள். டயர்க்காரர் எழுந்து தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

அம்மா அதைப் பற்றிப் பேச மாட்டாள். ஆனால் தேடிக்கொண்டிருந்தாள். இந்த வருடத் தொடக்கத்தில், பந்தயங்களில் நேரம் குறித்து, பிறகு இறந்துபோன ஒருவரின் மனைவி வீட்டைக் காலி செய்தபோது ஒரு கட்டுத் தாளை அம்மாவிடம் கொடுத்தார். அதில் அந்தப் பந்தயத்தின் சுற்று நேரத் தாள் இருந்தது. இருபத்தாறாவது சுற்று வரை இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி, கொஞ்சம் முன்பின்னாக. இருபத்தேழாவது சுற்று, நான்கு நிமிடம் நாற்பது. அதற்கு அடுத்த சுற்றிலிருந்து கடைசி வரை இரண்டு நிமிடம் பதினொன்று.

தாளை என்னிடம் நீட்டினாள். "ஆள் மாறியிருக்கு. பார், மூணு வினாடி வேகம்."

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். எண்ணைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏதோ மாறியிருக்குன்னுதான் இது சொல்லுது. டயர் மாத்தியிருந்தாலும் மூணு வினாடி வரும். நாங்க ஒரே ஒரு கருவியில பார்த்துட்டு சான்றிதழ் கொடுக்க மாட்டோம்" என்றேன்.

அம்மா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நீ சொல்றது சரிதான். நான் சொல்ல வேண்டியதை நீ சொல்லிட்ட" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

நான் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அந்த வாரமே டயர்க்காரரிடம் போயிருப்பாள். நான் சொன்னதற்குப் பிறகு ஏழு வாரம் ஆனது. பந்தயக் கழகத்தின் பழைய அலுவலகத்தில், பந்தயத்தின் நடுவே காரை ஓரம் கட்டி நிறுத்தும்போது மேற்பார்வையாளர் எழுதும் குறிப்பேடு இருக்கிறது என்று கண்டுபிடித்து, நகலுக்கு எழுதிப் போட்டாள்.

விரிப்பு மடித்த ஞாயிறுக்கு அடுத்த வியாழன் காலை சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆம்புலன்ஸ் பதினொரு நிமிடத்தில் வந்தது. நல்ல வேகம். பயன் இல்லை.

இறுதிச் சடங்குக்கு டயர்க்காரர் வந்தார். ஓரமாக நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"உங்கம்மா மேல எனக்குக் கோபந்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்களை மாதிரி கேள்வி கேட்க ஆள் இல்லம்மா."

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"எண்பத்திநாலு ஆச்சு. காது சுத்தமா போயிடுச்சு. எழுதிக் காட்டினா படிப்பாரு. இப்பவும் அந்தப் பதினாலு சுத்தைத்தான் சொல்லிட்டிருப்பாரு. பேரப் பிள்ளைங்க சிரிக்கும்."

அந்த நேரத்தில் என்னிடம் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அது போதாது என்று சொன்னதும் நான்தான். அவர் போய்விட்டார்.

பதினாறு நாள் கழித்து அவளுடைய கைப்பையைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடி, பஸ் பாஸ், பழுப்பு உறை ஒன்று. உறைக்குள் குறிப்பேட்டின் நகல் இருந்தது. சுற்று இருபத்தேழு, ஓட்டுநர் மாற்றம், உள்ளே ஏறுபவர் கையெழுத்து. அண்ணனின் முழுப் பெயர், கோணல் எழுத்தில்.

அப்பாவிடம் காட்டினேன். "புதன்கிழமை எங்கயோ போயிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தா. முகத்துல ஒரே சிரிப்பு" என்றார்.

"என்னன்னு கேக்கலையாப்பா?"

"கேட்டா ஒரு மணி நேரம் சொல்லுவா. அதான் கேக்கல." நகலைத் திருப்பிக் கொடுத்தபடி, "கேட்டிருக்கலாம்" என்றார்.

அதே உறையில் சுற்று நேரத் தாளின் நகலும் இருந்தது; இரண்டு நகல்களோடும் அவள் தயாரித்த திருத்தச் சீட்டு இணைக்கப்பட்டிருந்தது. டிப்போ சீட்டைப் போலவே கட்டம் போட்டது. கேள்வி. சொன்ன தீர்ப்பு. சரியான விடை. ஆதாரம் ஒன்று, ஆதாரம் இரண்டு. எல்லாம் நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தாள். பின்பக்கம், அண்ணன் படிப்பதற்காக, பெரிய எழுத்தில் இரண்டு வரி: 'நீங்கள் ஓட்டியது உண்மை. நான் சொன்னது தவறு.' முன்பக்கம் கீழே 'நேரில் கொடுத்த தேதி' என்ற கட்டம் காலியாக இருந்தது.

தவறாகச் சொன்னவரே போக வேண்டும் என்ற விதியும் சீட்டின் அடியில் எழுதியிருந்தது. அவர் போக முடியாத நிலை வந்தால் யார் போவது என்று விதியில் இல்லை. இருமுறை படித்துப் பார்த்தேன்.

டயர்க் கடைக்குப் போன் செய்தேன்.

"சனிக்கிழமை எத்தனை மணி வரைக்கும் கடையில இருப்பீங்க?"

"ஒரு மணி வரைக்கும். என்ன வண்டிங்க? பஞ்சரா?"

"வண்டி இல்லைங்க. நான் ஜட்ஜம்மா பொண்ணு பேசுறேன்."

மறுமுனையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நின்றது. "சொல்லும்மா. என்ன விஷயம்?"

"போன்ல சொன்னா செல்லாதுங்க" என்றேன். "அண்ணனையும் கடைக்குக் கூட்டிட்டு வர முடியுமா?"