நேற்றைய அறுபத்திரண்டு

பௌசியாவுக்கு முப்பத்தாறு வயது. மட்டாஞ்சேரியில் பிறந்து, நாலு தெரு தள்ளி அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். எர்ணாகுளத்தில் ஒரு சிறிய கம்பெனியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். பங்குச் சந்தைக்குப் புதிதாக வரப்போகும் கம்பெனிகளையும் சமீபத்தில் வந்தவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டும் செயலி அவர்களுடையது. விண்ணப்பம் என்றைக்குத் திறக்கும், என்றைக்கு மூடும், பங்கு என்ன விலை, சந்தைக்கு வந்த அன்று ஏறியதா இறங்கியதா என்பதையெல்லாம் அதில் ஏற்றுவது அவள் பொறுப்பு.

அதில் ஒரு கட்டம் மட்டும் அவளுக்கு என்றைக்கும் உறுத்தல். பங்கு சந்தைக்கு வருமுன்னே, கம்பெனி வைத்த விலைக்கு மேல் இத்தனை ரூபாய் கிடைக்கும் என்று வெளியாட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கூடுதல் விலை அது. ஆவணம் எதுவும் கிடையாது. அகமதாபாத்திலிருந்து ஒருவர் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இவள் அப்படியே ஏற்றுவாள். எண் பச்சையில் தெரியும். செயலிக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் தேடுவது அதைத்தான்.

பக்கத்து வீட்டு ஷௌகத் அலி, யூதர் தெருவான ஜூ டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் மனைவி சகீலா பௌசியாவின் பள்ளித் தோழி. காலையில் தோப்பும்படி பஸ் ஸ்டாப்பில் அவளை இறக்கிவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குப் போவார். “மோளே, உனக்கு அங்க என்ன ஜோலி?” என்று ஒருநாள் கேட்டபோது, பெருமை தாளாமல் அவர் போனிலேயே செயலியைப் போட்டுக் கொடுத்தாள்.

“இங்கிலீஷ் வாசிக்கவே வேண்டாம் இக்கா. பச்சையா கிடந்தா நல்லதுன்னு அர்த்தம்.”

ஒரு வெள்ளிக்கிழமை அகமதாபாத்திலிருந்து செய்தி வரவில்லை. தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் விண்ணப்பம் அன்றோடு முடிகிறது. கட்டத்தைக் காலியாக விட்டால் மேனேஜர் வெங்கிடேஷ் கூப்பிட்டுக் கேட்பார். பௌசியா முந்தின நாள் எண்ணான அறுபத்திரண்டையே மறுபடி அடித்தாள். மூன்று மணிக்குச் செய்தி வந்தது: எட்டு. கையில் வேறு வேலை இருந்தது. சாயா குடித்துவிட்டு மாற்றலாம் என்று இருந்தவள், மாற்றும்போது மணி நாலரை.

நடுப்பகலிலேயே ஷௌகத் அலி விண்ணப்பித்திருந்தார். சின்னக் கம்பெனிகளில் குறைந்தபட்சமே லட்சத்துக்கு மேல் போட வேண்டும். மின்சார ஆட்டோவுக்கு முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டார். கேட்ட பங்கும் கிடைத்தது.

அடுத்த வாரம் பங்கு சந்தைக்கு வந்ததும் விழுந்தது. பிறகு தினமும் விழுந்தது. விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. ஆட்டோவில் போகும்போது அவரே சொன்னார்: “நீ போட்டுத் தந்த ஆப்புல அறுபத்திரண்டு கிடந்துச்சு மோளே. அதான் இட்டேன்.”

அன்று அவள் இறங்கி நேராகப் பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் சொன்னாள். “இக்கா, அது அன்னிக்கு நம்பர் இல்ல. முந்தின நாளு உள்ளது. நான்தான் அடிச்சேன்.”

தோப்பும்படி வந்தது. அவள் இறங்கும்போது, “சகீலாவுக்கு இது தெரியாது. நீ பறைய வேண்டாம்” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வெங்கிடேஷிடமும் சொன்னாள். “இதை நம்பி முதலீடு செய்யாதீங்கன்னு கீழே எழுதித்தானே மேடம் வச்சிருக்கோம்” என்றார் அவர். அதன்பின் செய்தி வராத நாட்களில் அவள் கட்டத்தைக் காலியாகவே விட்டாள். இரண்டு முறை கடிந்துகொண்ட வெங்கிடேஷ், அந்த வேலையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்.

ஷௌகத் அலி கடைசியில் பாதி விலைக்கு விற்றார். பழைய ஆட்டோவே ஓடியது. சகீலா பௌசியாவின் பள்ளித் தோழி. சகீலா நாள் தவறாமல் பௌசியா வீட்டுக்கு வந்து போகிறவள். “புது வண்டி எப்ப வரும்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு” என்று அவள் சொன்னபோது, “இப்பல்லாம் வண்டி கிடைக்க லேட் ஆகுதாம்” என்று பௌசியா சமாளித்தாள். அப்படியே இரண்டு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பௌசியா போனபோது சகீலா தன் வீட்டில் கப்பைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் பௌசியா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சகீலாவின் கை நிற்கவில்லை. “எனக்குத் தெரியும். பேங்க் கணக்கு ரெண்டு பேரு பேர்லயும்தானே. பணம் போனதும் பாதி திரும்பி வந்ததும் மெசேஜ் எனக்கும் வரும்.”

“பின்ன ஏன் கேக்கல?”

“அவரு வாயால வரட்டும்னு இருந்தேன். நேத்து ராத்திரி சோறு திங்கும்போது என்னமோ சொல்ல வந்தாரு, நிறுத்திட்டாரு. இன்னிக்கோ நாளைக்கோ சொல்லியிருப்பாரு.” ஒரு கிழங்கை உரித்துத் தண்ணீரில் போட்டாள். “இனி அவரு சொன்னாலும், நீ சொல்லிட்டது தெரிஞ்சுதான் சொல்றாருன்னு எனக்குத் தோணும்.”

 தன் மனப்பாரம் குறைய வேண்டும் என்றுதான் சொன்னோம், இவளுக்காகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் பௌசியாவுக்கு உறைத்தது.

வெளியே வந்தபோது ஷௌகத் அலி ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மோளே, ரெண்டு பேருக்கும் இத்தனை நேரம் வர்த்தமானம்?”

“ஒண்ணுமில்ல இக்கா” என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போனாள்.