சுவரைப் பார்த்து நின்ற கல்

ராஜபாளையத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கொல்லையில், குளியலறைச் சுவரோடு சாய்ந்து ஒரு கருங்கல் பலகை பல வருஷம் நின்றது. தேய்த்து மெருகேற்றிய முகம் சுவர்ப் பக்கம், கொத்தாத முரட்டு முதுகு எங்கள் பக்கம். வீட்டுக்கு வருகிறவர்கள், "துணி துவைக்கவா வாங்குனீக? படுக்கப் போடாம நிப்பாட்டி வச்சிருக்கீகளே" என்பார்கள். பெரியப்பா காதில் விழாதது போல எழுந்து போய்விடுவார். அது கல்லறைக் கல் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் திருப்பி வைத்தார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

பெரியப்பா பஞ்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பப் பெருமை பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் காப்பி ஆறிப்போகும். எங்கள் பூட்டனார், அதாவது பெரியப்பாவின் தாத்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபையில் ஊர் ஊராகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த ஓர் உபதேசியாரின் மகன் என்பதுதான் அந்தப் பெருமையின் அடித்தளம். எண்பதுகளின் நடுவில் பெரியப்பாவின் ஒரே மகள், எங்கள் அக்கா, வயரிங் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். தங்கமான மனிதர், நம் சபைக்கே வருகிறவர். ஆனால் அநாதை விடுதியில் வளர்ந்தவர். வ. புதுப்பட்டிப் பக்கம் யாரோ விட்டுப்போன குழந்தை என்பதற்கு மேல் அவருக்கே தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"யாரு பெத்த பிள்ளைன்னே தெரியாதவனுக்கு எப்படிட்டி பொண்ணு குடுக்க? நம்ம வேரு எம்புட்டு ஆழம்னு ஒனக்குத் தெரியுமா?" என்று பெரியப்பா கத்தினார்.

"தெரியாதுப்பா. அவிய எம்புட்டு நல்லவியன்னு மட்டும் தெரியும்" என்றாள் அக்கா.

அந்தப் பதில் அவரைச் சுட்டுவிட்டது. வேரின் ஆழத்தை மகளுக்குக் காட்டியே தீருவது என்று கிளம்பிவிட்டார். எங்கள் வீடுகளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் எழுதி வைப்பது வழக்கம். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் பழைய தாள்களைச் செல் அரித்திருந்தது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபையின் பழைய பதிவேடுகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை. வாசித்துச் சொல்ல என்னைக் கூட்டிப்போனார். மனசெல்லாம் அக்கா பக்கம் இருந்த நான், அவளுக்கு எதிராகச் சாட்சி தேடப் பஸ் ஏறினேன். பெரியப்பா கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்கிற தைரியம் அப்போது யாருக்கும் கிடையாது.

முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பூட்டனாரின் பெயர், தகப்பன் உபதேசியார், தாயின் பெயர், எல்லாம் அழகான கையெழுத்தில். பெரியப்பா என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். போதகருக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதமே, பூட்டனாருக்குக் கல்லறைக் கல் வைப்பதென்று ராஜபாளையத்தில் ஒரு கல்கொத்துகிறவரிடம் சொல்லியாயிற்று. மேலே பெயர், கீழே இன்னாரின் மகன் என்று கொட்டை எழுத்தில், அதற்கும் கீழே பிறந்த தேதி, இறந்த தேதி.

நல்ல கல் அமைந்து பெயர் கொத்தத் தொடங்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இறந்த தேதிக்காக அப்போதுதான் இரண்டாம் தடவை போனோம். அடக்கப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்தே வாசிக்கச் சொன்னார். எதையும் தொடக்கத்திலிருந்து சரிபார்ப்பது பஞ்சாலைக் கணக்கு அவருக்குக் கொடுத்த பழக்கம். பூட்டனார் பேரன் பேத்தி எடுத்தவர். அவர் பெயர் கடைசிப் பக்கங்களில் வரும் என்று நான் அசட்டையாக வாசித்துக்கொண்டு போனேன். சில தாள்களிலேயே வந்துவிட்டது. அதே பெயர், உபதேசியார் மகன், வயது இரண்டு, பேதி.

பெரியப்பா முகம் போன போக்கைப் பார்த்துப் போதகர் சொன்னார்: "அந்தக் காலத்துல ஒரு பிள்ளை தவறிட்டா அதே பேரத்தான் அடுத்த பிள்ளைக்கு வைப்பாக. மறுபடியும் ஞானஸ்நானப் பதிவப் பாரும்மா."

பெரியப்பாவுக்கு மூச்சு வந்தது. நான் தேடினேன். நூறு வருஷத்துக்கு முந்திய தாது வருஷப் பஞ்சத்துப் பக்கங்களில் அதே பெயர் மறுபடியும் இருந்தது. அதற்கு எதிரே எழுதியிருந்ததை வாய்க்குள்ளேயே வாசித்தேன்.

"என்னட்டி போட்ருக்கு? சத்தமா வாசி."

வாசித்தேன். பஞ்சத்தில் வந்த பையன். வயது ஏழு இருக்கலாம். தாய் தகப்பன் தெரியவில்லை. உபதேசியார் வளர்க்கிறார்.

செத்துப்போன மகனின் பெயரை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து வளர்த்திருக்கிறார் அந்த உபதேசியார். நினைத்துப் பார்த்தால் நாங்கள் பெருமைப்பட வேண்டியது அதற்குத்தான். ஆனால் அன்றைக்குப் பெரியப்பா, தன் வேட்டியை யாரோ உருவிவிட்டது போல உட்கார்ந்திருந்தார். பூட்டனாரைப் பெற்றவர்கள் எந்தச் சாலையோரம் பசியில் விழுந்தார்களோ, என்ன பெயரிட்டு அவரைக் கூப்பிட்டார்களோ, இனி யாராலும் சொல்ல முடியாது. பெரியப்பா ராஜபாளையத்தில் இறங்கி நேரே கல்கொத்துகிறவரிடம் போனார். பெயர் முடிந்திருந்தது. "அடுத்த வரி என்னய்யா போட?" என்று கேட்டார் அவர். "அம்புட்டுதான். போதும்" என்றார் பெரியப்பா.

நாலைந்து நாள் கழித்து என்னிடம் வந்து, "கிருஷ்ணன்கோவில் வரைக்கும் வா. மொதல்ல அந்தப் பையனப் பாப்போம். பொறவு அக்காகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றார். புது வேட்டி கட்டியிருந்தார். சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி பழத்தட்டுக்கு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பெரியப்பா மறுத்த பிறகு எங்கள் சபைக்கு வராமல் அங்கேயே தங்கிவிட்ட அந்த வயரிங்காரர், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் ஏணி மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இறங்கி வந்து, "வாங்கய்யா" என்றார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அப்போது தூக்குவாளியோடு ஒரு பெண் வந்தாள், மாசமாக இருந்தாள். "என் வீட்டுக்காரிய்யா" என்றார் அவர்.

பெரியப்பா பழத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். "நல்லா இருங்கப்பா" என்றார். அந்த மனிதர் எங்களுக்கு டீ வாங்கித் தந்து, பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் பெரியப்பாவுக்கு அது இலகுவாக இருந்திருக்கும்.

மறுநாள் கல் வந்தது. பெரியப்பா ஆளை வைத்து அதைச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். அக்காவிடம் சொல்லவேயில்லை. "இப்பம் சொல்லி என்ன ஆவப்போவுது? இன்னும் நோகத்தான் செய்யும்" என்று என் வாயையும் அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் குடும்பப் பெருமை பேசி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு வந்த வரன்களை அவள் வேண்டாம் என்றபோதெல்லாம், ஏன் என்றுகூடக் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அதை அசட்டை என்று நினைத்தாள். ஒரே வீட்டில் இருவரும் அப்படியே பேச்சுவார்த்தை இல்லாமல் வருஷங்களைக் கழித்தார்கள்.

தொண்ணூறுகளில் பெரியப்பா இறந்தார். அடக்கம் முடிந்த வாரம் கொல்லையை ஒழுங்குபடுத்தும்போது அக்கா ஆள் வைத்துக் கல்லைத் திருப்பினாள். பெயர் மட்டும் இருந்தது. கீழே வெறும் கல். "இது ஏன் பாதியில நிக்கி?" என்று என்னைக் கேட்டாள். அங்கேயே துவைகல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், கிருஷ்ணன்கோவில் வாழைப்பழம் வரைக்கும். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்காக அப்பா அவிய இருக்க எடம் வரைக்கும் போயிருக்காகளே. அத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பாகூட இத்தன வருஷம் பேசாமயா இருந்திருப்பேன்?"

எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் உண்டு. அவரை நினைத்து அழுகையும் உண்டு. இரண்டில் எது முந்தி வரும் என்று சொல்ல முடியாது.

பூட்டனாரைப் புதைத்த இடம் எது என்று கடைசிவரை தெரியவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில், பெயரில்லாத பழைய மேடுகள் இருக்கும் மூலையில் அந்தக் கல்லை நட்டுவிட்டோம். கல்லறைத் திருநாளுக்கு அக்காவும் நானும் போவோம். அவள் முதலில் அப்பாவுக்குப் பூ வைத்துவிட்டு, பிறகு இங்கே வந்து கல்லைக் கழுவுவாள். போன தடவை, பக்கத்துக் கல்லறையில் எழுத்து கொத்திக்கொண்டிருந்தவர் எட்டிப்பார்த்து, "கீழ எடம் விட்டுருக்கே, யாரு மகன்னு சொல்லுங்கம்மா, கொத்தித் தாரேன்" என்றார்.

"அங்ஙன எங்க அப்பா பேரப் போடுங்க" என்றாள் அக்கா. "இன்னாரின் மகன்னு போடுவாகள்ல, அதுக்குப் பதிலா. யாரு மகன்னு தெரியாட்டியும், இவரு பேரன் எங்க அப்பான்னு போடுங்க."