சிவப்பு தெரியாத பிளேட்

1. ஆறு பிளேட்டும் போச்சு

கலர் பிலிமைப் போட்டுச் சொடுக்கிவிட்டு லேபுக்கு அனுப்பிவிடுகிற இந்தக் காலத்துத் தம்பிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் முப்பத்தெட்டு வருஷம் ஸ்டுடியோ நடத்தினேன். எத்தனையோ கல்யாணம், எத்தனையோ குரூப் போட்டோ, பாதிக்கு மேல் மறந்துபோயிற்று. ஒரு மாசி மாசத்து மத்தியானம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அன்று டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, அப்போது பிலிமுக்குப் பதில் போடுகிற கண்ணாடி பிளேட் ஆறை ஒவ்வொன்றாக டெவலப்பர் மருந்தில் ஆட்டிக்கொண்டிருந்தேன். மலையில் ஏறி எடுத்துவந்த பிளேட்டுகள். வானம் வந்தது, பாறை வந்தது. மரத்தில் இலை இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் கண்ணாடியாகவே நின்றது. நெகடிவில் வெறும் கண்ணாடி என்றால் பிரிண்டில் கன்னங்கரேல் என்று விழும். இன்னும் செத்த நேரம் ஆட்டிப் பார்த்தேன். டெவலப்பரைப் புதிதாகக் கலக்கிப் பார்த்தேன். ஆறும் அப்படித்தான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

2. கோதையம்மாள் கேட்டது

அந்தப் படத்தைக் கேட்டவர் கோதையம்மாள். தேரடிக்கு மேற்கே, தம்பி வீட்டில் இருந்தார். கோயிலுக்குப் பூக்கட்டுகிற குடும்பம். சின்ன வயதில் வண்டிச் சக்கரம் ஏறியதில் ஒரு கால் மடங்காது. வீட்டுக்காரர் பாரஸ்ட் கார்டாக இருந்தவர். அதற்கு முந்தின வருஷம் மாசியில், ரவுண்டு போன இடத்தில் மலைக்காய்ச்சல் தூக்கி அடித்து, ஒரு மரத்தடிப் பாறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கீழே தூக்கி வரும்போது உயிர் இல்லை.

அந்த அம்மாள் ஸ்டுடியோப் படியேறி வந்ததே பெரிய காரியம். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, மாசியில மலை மேல பூவ மரம் செவந்து நிக்குமாம். தளிரு அம்புட்டும் ரத்தச் செவப்பாம். வருஷா வருஷம் அவிய சொல்லுவாவ, 'இந்தத் தடவை டோலி கட்டியாவது ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்'னு. போகல. அவிய கடைசியா உக்காந்தது அந்த மரத்தடியிலதான். எனக்கு அந்த எடத்தப் பாக்கணும். நீங்க படம் புடிச்சு, செவப்புக் கலரும் போட்டுத் தாருங்க."

கலர் போடுவது என்றால், அப்போதெல்லாம் கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் மேல் தூரிகையால் கலர் மையைத் தடவுவதுதான். அதில் எனக்கு நல்ல பேர் இருந்தது. ராஜபாளையத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். "அதுக்கென்னம்மா, ஜமாய்ச்சிரலாம்" என்றேன். அந்த வாய்தான் என்னைக் கெடுத்தது.

3. நாள் பார்த்தது

பூவ மரம் தையில் இலையைக் கொட்டிவிடும். மாசியில் தளிர் விடும். அந்தச் சிவப்பு எட்டு நாள், மிஞ்சிப்போனால் பத்து நாள். அப்புறம் பழுப்பாகி, பச்சையாகிவிடும். அந்த எட்டு நாள் மாசி முதலிலா கடைசியிலா என்பதை எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது. முன்பனி நீண்டால் தள்ளிப்போகும், ஒரு மழை விழுந்தால் முந்திக்கொள்ளும்.

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிற மலைவாசிப் பளியர் ஒருவர் உண்டு. வீரன் என்று பேர். கார்டு விழுந்த அன்று அவரைத் தூக்கி வந்தவர்களில் இவரும் ஒருவர். சந்தைக்கு வரும்போதெல்லாம் அந்த மரத்திலிருந்து ஒரு கொப்பு ஒடித்து வரச் சொல்லியிருந்தேன். முதல் வாரம் மொட்டைக் குச்சி. இரண்டாம் வாரம் நுனியில் மிளகு மாதிரி முளை. மூன்றாம் வாரம் வீரன் துணியை விரித்தபோது உள்ளே இருந்த தளிர் ரத்தச் சிவப்பு.

"சாமி, இப்பப் போனாத்தான் உண்டு. நாலு நாளு கழிச்சா பச்சை தட்டிரும்" என்றார் வீரன்.

மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண ஆர்டர். வேறு ஆளை ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டு, விடியுமுன் வண்டி கட்டினேன். செண்பகத்தோப்பில் வண்டியை விட்டுவிட்டு, கனத்த ஹாப் பிளேட் கேமராவை வீரனும் ஸ்டாண்டை நானும் சுமந்து ஏறினோம்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சரிவு முழுக்க ஏழெட்டு பூவ மரம். பார்த்ததைச் சொல்ல எனக்கு எழுத்து போதாது. நான் வேதக்காரன், முட்புதர் எரிந்தும் வெந்துபோகாமல் இருந்தது என்று பைபிளில் கேட்டு வளர்ந்தவன். அதுதான் ஞாபகம் வந்தது.

"கார்டு ஐயா உக்காந்தது இந்தப் பாறைதான்" என்று வீரன் காட்டினார். பெரிய பாறை. அதன் முகத்தில் காட்டு எல்லை நம்பர் சுண்ணாம்பில் எழுதியிருந்தது: 17. படத்தைக் கெடுக்கிறதே என்று ஒரு கொப்பை வளைத்து அதை மறைக்கப் பார்த்தேன். கொப்பு நிற்கவில்லை. போகட்டும், கலர் போடும்போது பாறையோடு பாறையாகப் பூசி மறைத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். ஆறு பிளேட்டும் எடுத்தேன். இறங்கும்போது பாட்டுக்கூடப் பாடினேன்.

4. ராஜு சொன்னது

பிளேட் கெட்டதும், ஈரம் காயாத ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த ராஜு என் சிநேகிதர். தெலுங்கு பேசுகிறவர். நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏமண்டி ஜெபமணி, என்ன கலர் மரம் இது?"

"ரத்தச் சிவப்பு."

"போட்ட பிளேட்டு?"

"எப்பவும் போடுற ஆர்த்தோதான்."

ராஜு நெகடிவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டார்க் ரூம்ல எந்த லைட்டு போடுறீங்க?"

"சிவப்பு."

"ஏன் சிவப்பு?"

அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. ஆர்த்தோ பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. தெரியாததால்தான் சிவப்பு விளக்கில் அது கெடாமல் இருக்கிறது. பத்து வருஷமாக அந்த விளக்கின் கீழேதான் சோறு சம்பாதித்தேன். சிவப்பு தெரியாத பிளேட்டைத் தூக்கிக்கொண்டு சிவப்பைப் பிடிக்க மலையேறியிருக்கிறேன். நாள் பார்த்தேன், வெயில் பார்த்தேன், பிளேட்டைப் பார்க்கவில்லை.

"எல்லாக் கலரும் பிடிக்கிற பான் பிளேட்டு மெட்ராஸ்லேர்ந்து வரணும். எட்டு நாளாவது ஆகும்" என்றார் ராஜு.

எட்டு நாளில் மரம் பச்சையாகிவிடும். கறுப்பின் மேல் கலரும் ஏறாது.

"அந்தம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க" என்றும் சொன்னார். அதைக் கேட்டிருக்க வேண்டும்.

5. கண்மாய்க் கரைப் புங்கமரம்

சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மறுநாள் காலை கடையைத் திறந்தபோது கோதையம்மாள் படியில் உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வந்தியளாமே அண்ணாச்சி, வீரன் சொன்னான். செவந்திருந்துச்சா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து, எல்லாம் பாழாகிவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "வேலை நடக்கும்மா, ஒரு வாரத்துல தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

கண்மாய்க் கரையில் ஒரு புங்கமரம் புதுத்தளிர் விட்டு நின்றது. இளம்பச்சை, ஆர்த்தோ பிளேட்டில் எடுத்தால் பிரிண்டில் அழகாக வெளுத்து விழும். பக்கத்தில் ஒரு பாறையும் இருந்தது. ஒரு கொப்பு முன்னால் தொங்குகிற மாதிரி வைத்து எடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து இலை இலையாகச் சிவப்பு போட்டேன். என் கையால் அதைவிட நல்ல கலர் வேலை நான் செய்ததில்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கோதையம்மாள் படத்தை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். முன்னால் தொங்கின கொப்பை விரலால் தடவினார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. ரொம்ப மெனக்கெட்டிருக்கீய" என்றார். முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனார்.

கெட்ட பிளேட்டுகளை ஒரு பெட்டியில் போட்டுப் பரண்மேல் தள்ளினேன். அடுத்த மாசியில் பான் பிளேட்டோடு போய் நிஜப் படத்தை எடுத்துவந்து, பிரேம் மாற்றித் தருவதாகச் சொல்லிப் படத்தையும் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

6. அடுத்த மாசி

யுத்தம் வந்துவிட்டது. பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டிக் கரியில் ஓட்டினார்கள். ராஜபாளையம் போகிற பஸ்கூட வழியில் நின்று கரி அள்ளிப் போட்டுக்கொண்டுதான் போகும். நானும் எத்தனையோ தடவை அதில் போனேன். அந்தக் கரி எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ராஜு எப்படியோ ஒரு டப்பா பான் பிளேட் வாங்கிக் கொடுத்திருந்தார். மாசி பிறந்தது. வீரன் சந்தைக்கு வந்தபோது அவர் கையில் கொப்பு இல்லை.

"மரம் இல்லை சாமி. கரிக்காரங்க வெட்டிட்டாங்க. பூவ மரத்துக் கரி நல்லா நின்னு எரியுமாம்."

நம்பாமல் ஏறிப்போய்ப் பார்த்தேன். சரிவில் அடிக்கட்டைகள். கரி சுட மூட்டம் போட்ட கறுப்பு வட்டங்கள். பாறையைக்கூட அடுப்புக் கல்லுக்கு உடைத்திருந்தார்கள். கொண்டுபோன பிளேட்டில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அந்தக் கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதேன். கேமராவைச் சுமந்துவந்த வீரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கிவந்து பரண்மேலிருந்த பெட்டியை எடுத்தேன். ஆறில் ஒன்றைப் பிரிண்ட் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு கோதையம்மாள் வீட்டுக்குப் போனேன். பூ கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பிளேட், புங்கமரம், பொய், கரி.

"அது பூவ மரம் இல்லைன்னு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி" என்றார்.

எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே காய்ந்த கொப்புகள், ஒன்பதோ பத்தோ. "வருஷத்துக்கு ஒண்ணு, அவிய கொண்டாந்து தந்தது. பூவ எலை ரெண்டு ரெண்டாத்தான் நிக்கும், பாருங்க. நுனியில ஒத்தை எலை இருக்காது. புங்க எலைக்கு இருக்கும். நான் எலையோடயும் பூவோடயும் பொழைக்கிறவ, எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்ம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"மலை ஏறி எறங்கி வந்த மனுசன். என்னமோ ஆயிருச்சு, சொல்லச் சங்கடப்படுதாவ, என்னைக்காவது வந்து சொல்லுவாவன்னு இருந்தேன்."

கையிலிருந்த பிரிண்டை நீட்டினேன். மரமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவில் பாறை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பாறையில் நான் மறைக்கப் பார்த்த அந்த நம்பர், பளிச்சென்று.

கோதையம்மாள் படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது அவிய எழுத்து. அவியதான் சுண்ணாம்பு வாளியத் தூக்கிட்டுப் போயி நம்பரு போடுவாவ. இந்தா, ஏழுக்கு வாலு எம்புட்டு நீளம்! மளிகைச் சீட்டுலயும் இப்படித்தான் போடுவாவ. நான் கேலி பண்ணுவேன்."

அந்த வாலை விரலால் இழுத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத ஒரு வருசமா பரண்மேலயா வச்சிருந்தீய அண்ணாச்சி?"

கலர் போட்ட படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கறுப்புப் படத்தைக் கொப்புகளோடு பெட்டிக்குள் வைத்தார். அந்தப் புங்கமரப் படம் கடையை மூடும் வரை என் டார்க் ரூமில் தொங்கியது. சிவப்பு விளக்கில் அதில் போட்ட சிவப்பு தெரியாது. வெளுத்துப்போன மரமாகத்தான் நிற்கும்.

தம்பிகளே, வேலை கெட்டுப்போனால் அன்றைக்கே வாடிக்கைக்காரரிடம் காட்டிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட படம் எது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான், நாம் இல்லை.