செல்வதாஸ் இல்லாத ஒரு வாரம்

"நான் கடையில இல்லேன்னா தக்கலையில ஒரு மாப்பிளைக்கும் தாலி கெட்ட முடியாது, கேட்டியளா."

வாடகைப் பாத்திரக் கடை செல்வதாஸ் இதைச் சர்ச் கமிட்டிக் கூட்டத்தில், ஜெபத்துக்கும் டீக்கும் நடுவில் அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் சபை விருந்துக்குச் சோறு பொங்க வார்ப்பு கிடைக்காது.

அறுபத்திரண்டாம் வயதில் அவர் கடையை விற்கத் தீர்மானித்தார். அதாவது, மனைவி தேவகனி தீர்மானித்தாள். தோஹாவில் மகள் ஆன்ஸ்லினுக்குப் பேறுகாலம். இருபத்தெட்டாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.

"கடை வித்தாலும் விக்காட்டாலும் நான் பிளேன் ஏறிருவேன். நீங்க ஒங்க வார்ப்புகளுக்குத் துணையா இங்கயே கிடங்க."

வாங்க வந்த பெர்லின் கல்ஃபில் பதினாலு வருஷம் ஸ்டோர் கீப்பர். ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"அண்ணாச்சி, ஒரு வாரம் நீங்க கடைப்பக்கம் வரப்படாது. ஓடிச்சின்னா வாங்குகேன். நீங்க இல்லாம ஓடாத கடைன்னா, ஒங்களையும் சேத்தா நான் தூக்கிட்டுப் போவ?"

பொருளாதார மேதைகளும் கண்டிராத சிக்கல். சொன்னது உண்மையானால் கடை விலைபோகாது. விலைபோனால் சொன்னது பொய்.

கடையில் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வார்ப்புக்கும், அது எந்த வீட்டுக் கல்யாணத்தில் நெளிந்ததோ அந்த வீட்டுக்காரர் பெயர். 'ரசலையன்' என்றால் முந்நூறு பேருக்குச் சோறு. 'நேசபாய்' சாம்பாருக்கு, ஆனால் ஒரு பக்கம் சாய்வாள். இந்த ஞானம் தன் மண்டைக்குள் மட்டுமே இருப்பதாகச் செல்வதாஸ் நம்பினார். எட்டு வருஷமாகக் கடையில் நிற்கும் ரெஜிஷாவை யாரும் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை வீட்டில் உட்கார்ந்தார். போனைத் தேவகனி பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டாள். அந்த வாரம் மூன்று கல்யாணம். செவ்வாயன்று முதல் கல்யாணம், நல்ல மழை; அவர் முகம் தெளிந்தது. அப்படியும் தாலி கட்டிவிட்டார்கள். வியாழனுக்குள் மிச்ச இரண்டு மாப்பிள்ளைகளும் அவரைக் கேட்காமலே குடும்பஸ்தர் ஆனார்கள்.

"ஏட்டி, போன் அடிச்சுதா?"

"அடிச்சா அரிசி துள்ளுமில்லா. துள்ளல்ல."

சனிக்கிழமை வீட்டில் பயண ஜெபம், அறுபது பேருக்குச் சாப்பாடு. வெள்ளிக்கிழமையே தேவகனி போனைத் தட்டித் துடைத்து நீட்டினாள். செல்வதாஸ் வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்தக் கடைக்கே வாடிக்கையாளரானார்.

"ரெஜிஷா, நாளைக்கு ரசலையன அனுப்பு மக்கா."

"எத்தன பேரு மாமா?"

"அறுவது."

"அதுக்கு ரசலையன் பெருசு, அடிபிடிச்சிரும். பெனிட்டோ போரும். காணாமப் போன அவனுக்க மூடியும் கிடைச்சாச்சு."

அந்த மூடியை அவர் ஆறு வருஷம் தேடியிருந்தார்.

மறுநாள் பெனிட்டோ மூடியோடும் கரண்டிகளோடும் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து இறங்கினான். சோறு அடிபிடிக்கவில்லை. அறுபது பேரும் சாப்பிட்டு, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. பந்தியில் பெர்லினுக்கு ரசம் ஊற்றக் குனிந்த செல்வதாஸ், பக்கத்து இலைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

"திங்கக்கிழம வந்து சாவிய வாங்கிக்கோ."