மிர்த்தா தனியாக உட்கார்ந்த மாலை

ஒராசியோ போய் நாலு மாசமாகியும் மிர்த்தா அழுதுகொண்டுதான் இருந்தாள். பதினோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து டேங்கோ ஆடியவன், ஒரு பல் டாக்டரம்மாவோடு ரொசாரியோ நகரத்துக்குக் கிளம்பிவிட்டான். போயேஸ் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மிர்த்தா மூக்கைச் சிந்திக்கொண்டே கண்ணாடி விற்றாள். வாங்க வந்தவர்கள் பாவம் பார்த்து விலை பேசாமல் வாங்கிப் போனார்கள்.

கூட வேலை செய்யும் சுல்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அடியே, அவன் உன் கால உடைச்சிட்டா போனான்? ஞாயித்துக்கிழமை டேங்கோ ஆட்டத்துக்குக் கிளம்பு!"

"யாருடி என்னைக் கூப்பிடுவா? ஒரே ஒரு சுத்து, முன்ன பின்ன தெரியாதவன் ஒருத்தன் கூப்பிட்டு ஆடிட்டாப் போதும். இல்லேன்னா இந்த ஜென்மத்துல அந்தப் பக்கம் காலே வைக்கமாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள் மிர்த்தா. டேங்கோவை விட்டால் அவளுக்கு இருந்தது அந்தக் கடையும் கண்ணீரும்தான்.

சுல்மாவுக்கு ஆடத் தெரியாது, அன்பு மட்டும் கொள்ளாத அளவு உண்டு. தோழி தனியாக உட்கார்ந்தால் பார்க்கச் சகிக்காது என்று ஞாயிற்றுக்கிழமை நடன மண்டபத்துக்குத் தன் தம்பி நெஸ்தோரையும் இழுத்து வந்தாள். நெஸ்தோர் மிர்த்தாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒயின் ஊற்றி, இறைச்சி அடைத்த எம்பனாடாப் பணியாரத்தை ஊட்டாத குறையாக உபசரித்தான். அக்கா கொடுத்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தான்.

அந்த மண்டபத்தில் வாய் திறந்து யாரும் ஆட்டத்துக்கு அழைப்பதில்லை. ஆண் தூரத்திலிருந்து பார்ப்பான். பெண்ணும் பார்த்தால் தலையசைப்பான். மிர்த்தா பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்வைகள் அவள் மேல் விழுவதற்கு முன்பே விலகிப் போயின. ஒரு சுற்று போனது, இன்னொன்று போனது.

"எனக்கு நாப்பத்தெட்டு வயசாச்சுல்ல. போலாம்டி," என்று எழுந்தாள்.

"இரு, இன்னொரு எம்பனாடா சாப்பிட்டுப் போலாம்," என்று நெஸ்தோர் அவள் தோளில் கை போட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு பெண் ஆணோடு உட்கார்ந்திருந்தால் அவளை வேறு எவனும் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டான். அதுதான் அங்கே மரியாதை. இது அவளுக்குத் தெரியாததா? துக்கத்தில் மறந்தே போயிருந்தாள்.

"நெஸ்தோர் கண்ணு, நீ தங்கமான பையன். தயவு பண்ணி எழுந்து அந்தப் பக்கம் போ."

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"இங்க உட்காந்ததுதான் தப்பு. உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போ!"

சுல்மா முணுமுணுத்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். மிர்த்தா தனியாக உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. அடுத்த சுற்றுக்கு இசை தொடங்கியபோது, எதிர்வரிசையிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் தலையசைத்தார். பின்னால் யாரையோ அழைக்கிறார் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஆடினார்கள். முதல் பாட்டில் அவர் காலை இரண்டு முறை மிதித்தாள், அவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது பாட்டுக்கு முன், இசை தொடங்கக் காத்து நின்றபோது அவர் கேட்டார்.

"வருஷக்கணக்கா உங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன். 'ஒராசியோ வீட்டுக்காரம்மா'ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. உங்க பேரு என்னங்க?"

"மிர்த்தா," என்றாள். சத்தம் போதவில்லை என்று பட்டது. இன்னொரு தரம், பக்கத்து ஜோடி திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.