தனபால் மச்சான் தேடிய வண்டிகள்

நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்கு என் அக்கா அதற்கு முன் வந்ததே இல்லை. அன்று முற்பகல் கட்டணம் செலுத்த வந்த மாணவர்களை விலக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து, எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 

"கெளம்பு. உன் மச்சான் போயிட்டாரு. ஹனூர்ல, வண்டிக்கடியில படுத்தபடியே."

அவர் குரல் உடையவில்லை. ரசீது எழுதிக்கொண்டிருந்த பேனாவின் மூடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. அப்படியே கிளம்பினோம்.

மச்சானைத் தெரிந்தவர்கள் அவரை மெக்கானிக் என்றுதான் நினைவில் வைத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தனபால் ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஐடிஐ முடித்து நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தார். அக்காவைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, மைசூரில் நஞ்சன்கூடு சாலையை ஒட்டி ஒரு பட்டறை போட்டார். பெரிய உடம்பு, சின்னக் குரல். கோபம் வந்தால் அந்தக் குரலும் இல்லாமல் போய்விடும்.

கல்யாணமான புதிதில், கைமாறி கைமாறி வந்த ஒரு பெட்ரோல் பிக்கப்பில் எங்கள் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குப் போனார். பாதி மலையில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பெட்ரோல் வாசனையில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்பாவும் நானும் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். மச்சான் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பாதியக் குடிக்குது மாமா, பாதியத் துப்புது. இத வெச்சுப் பொழைக்கறவன் எப்படிப் பொழைப்பான்?"

அந்தக் கேள்வியை அவர் அதற்குப் பிறகு விடவே இல்லை. டீசல் வண்டி வாங்க வசதியில்லாமல் பழைய பெட்ரோல் பிக்கப்பை ஓட்டுகிற சின்ன விவசாயிகளும் காய்கறிக்காரர்களும் எங்கள் பக்கத்தில் நிறைய. கத்தரிக்காய் விற்றது பெட்ரோலுக்கே சரியாகிவிடும். மச்சான் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, விபத்தில் அடிபட்டு உடைப்புக்கு வந்த புதிய வேன்களிலிருந்து இன்ஜெக்ஷன் பாகங்களை எடுத்துப் பொருத்தத் தொடங்கினார். மின்சாரத்தில் ஓடும் பெட்ரோல் பம்ப், தேவையான அளவுக்கு மட்டும் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு, தேய்ந்த பிஸ்டன் வளையங்களுக்குப் பதில் புதியவை. சில வண்டிகளுக்கு இன்ஜினையே மாற்றினார். வேலை முடிந்தால் லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டராவது கூடுதலாக ஓடும். மலையிலும் திணறாது.

வேலை முடிந்த வண்டியை உரிமையாளரை வைத்துக்கொண்டே சோதிப்பார். டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றி, ஒரு லிட்டர் பெட்ரோல் பிடிக்கும் கேனைக் கட்டி, குண்டலுபேட்டை சாலையில் வண்டி தானாக நிற்கும் வரை ஓட்டுவார். செலுவராஜு என்கிற பூ விவசாயியின் வண்டியைச் சோதித்த அன்று நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். செண்டுமல்லி ஏற்றிக்கொண்டு தினமும் மைசூர் மார்க்கெட்டுக்கு வருகிறவர். வழியில் ஒரு ஆலமரத்தைக் காட்டி, "அந்த மரத்தத் தாண்டாது மேஸ்திரி" என்று கன்னடத்தில் சொன்னார். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி மரத்தைத் தாண்டியது. அடுத்த ஊரையும் தாண்டியது. கடைசியில் நின்றபோது செலுவராஜு இறங்கிவந்து, சாலையோரத்திலேயே மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மச்சானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "விடுங்க, விடுங்க" என்று அவரைக் கன்னடத்திலேயே விலக்கிவிட்டார். அன்று அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

அதற்குப் பின் வருடங்கள் போயின. பெட்ரோலில் எத்தனால் கலப்பது கூடியது. அது பழைய ரப்பரை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். புதிய வண்டிகளின் பைப்புகள் அதைத் தாங்குகிற மாதிரி செய்யப்படுகின்றன. மச்சான் போட்டிருந்தவை பழைய காலத்து ரப்பர் பைப்புகள். போட்ட நேரத்தில் அவை நல்ல சரக்குதான். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மச்சானும் யோசிக்கவில்லை.

செலுவராஜுவின் வண்டி பூ லோடோடு தீப்பிடித்தது. கதவைத் திறந்து இறங்குவதற்குள் தீ உள்ளே வந்துவிட்டது. மைசூர் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து இறந்துபோனார். ஷார்ட் சர்க்யூட் என்று போலீசார் எழுதி முடித்துவிட்டார்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

மச்சான் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் கிடந்த வண்டியைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். பம்ப்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பைப்பில் எரியாமல் மிஞ்சியிருந்த ஒரு துண்டை எடுத்து வளைத்தார். அது வளையவில்லை. முற்றிய புளியம்பழத்தின் ஓடு மாதிரி கைக்குள் நொறுங்கியது.

"பழைய கார்புரேட்டரா இருந்தா சொட்டியிருக்கும் மாப்ள. வாசன வந்திருக்கும், எறங்கிப் பாத்திருப்பாரு. நான் வெச்ச பம்ப்பு விடாமப் பீச்சியடிச்சிருக்கு. சூடா இருக்கற சைலன்சர் மேல."

உள்ளே போய் அதிகாரியிடமும் அதையே சொன்னார். எழுதி முடித்தாகிவிட்டது, போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா கெஞ்சினார். மச்சான் கேட்கவில்லை. செலுவராஜுவின் மனைவி கௌரம்மாவைப் பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். மச்சான் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பைப், பம்ப், பெட்ரோல், ஒன்றையும் மறைக்கவில்லை. கௌரம்மா கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்:

"இத்தனை நாளா தலையெழுத்துன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படியே இருந்திருப்பேன். இத எதுக்கு வந்து சொன்னீங்க?"

மச்சான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். 

மறுநாள் பட்டறையை மூடினார். இனி ஒரே வேலைதான் என்றார். தான் மாற்றிக் கொடுத்த வண்டிகளையெல்லாம் தேடிப்பிடித்து, எத்தனாலைத் தாங்கும் பைப்பைப் போட்டுவிட வேண்டும். எந்த வண்டிக்கு எப்போது என்ன செய்தார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. வண்டிகளோ கைமாறியிருந்தன. நஞ்சன்கூட்டுக்காரர் கொள்ளேகாலுக்கு விற்றிருப்பார், கொள்ளேகால்காரர் மாமனாருக்குக் கொடுத்திருப்பார், அவர் பாலாறு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு விற்றிருப்பார். பழைய உரிமையாளர் ஒருவரைப் பிடித்தால், வாங்கியவரின் ஊர் மட்டும் தெரியும், பெயர் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூடப் போவேன். வண்டி கிடைத்தாலும் வேலை நடக்காது. ஹனூரில் ஒருவர் பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, திறக்கவே விடவில்லை.

"நல்லாத்தானுங்ணா ஓடுது. மைலேஜு நல்லாக் குடுக்குது. நீங்க கைய வெச்சுப்போட்டு அது போயிருச்சுன்னா?"

"மைலேஜு போகாதுங். பைப்பு மட்டுந்தான்."

"பைப்பு போனா நானே மாத்திக்கறனுங்."

"போறப்பத் தெரியாதுங்க. அதுக்குத்தான் வந்திருக்கறேன்."

அவர் சிரித்தார். நன்றாக ஓடும் வண்டியைத் தேடிவந்து பழுது பார்க்கிறேன் என்கிற மெக்கானிக்கை யார் நம்புவார்கள்? நல்ல மைலேஜ் கொடுத்ததுதான் அந்த வண்டிகளைச் சாகாமல் வைத்திருந்தது. அவர் கை வைக்காமல் இருந்திருந்தால் அவற்றில் பாதி எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். மச்சானுக்கு இது தெரியும். ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, "அன்னிக்கு மலையிலயே அத விட்டுட்டு வந்திருக்கணும் மாப்ள" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

கொள்ளேகால் அருகே ஒரு வண்டியில் பைப் வெடிக்கிற நிலையில் இருந்தது. விரல் நகம் பட்டதும் விரிசல் விட்டுப் பெட்ரோல் கசிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். நல்ல வேளை, பிடித்துவிட்டோம் என்றேன். மச்சான் புதிய பைப்பை மாட்டி, கிளிப்பை முறுக்கி, வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அந்த வண்டியில்தான் அந்த வீட்டுப் பெண்கள் களையெடுக்கப் போய் வருகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வண்டி கிடைக்கும்போதும் அவருக்குப் பாரம் குறையும் என்று நாங்கள் நினைத்தோம். அது கூடிக்கொண்டுதான் போனது. கிடைத்த வண்டியை அவர் அதோடு மறந்துவிடுவார். கிடைக்காததுதான் அவரோடு சாப்பிடும், அவரோடு படுக்கும்.

பாலாறு செக்போஸ்ட்டில் ஒரு நாள் முழுக்க நின்றோம். எல்லையைத் தாண்டும் பழைய பிக்கப்புகளையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார். இன்ஜின் சத்தத்திலேயே தன் வேலையைக் கண்டுபிடித்துவிட முடியும் என்றார். மாலையில் ஒரு வெள்ளை வண்டி நிற்காமல் போனது. "நம்மளுது" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். அந்த உடம்போடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? காட்டுக்குள் திரும்பும் வளைவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று மூச்சு வாங்கினார். செக்போஸ்ட் அருகிலிருந்த டீக்கடைக்காரரிடம் தன் போன் நம்பரைக் கொடுத்து, அந்த வண்டி மறுபடி வந்தால் ஓட்டுகிறவரைத் தனக்குப் போன் செய்யச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அன்றே அவரை டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும் என்று அக்கா இப்போது சொல்கிறார். கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார் என்பதும் அக்காவுக்குத் தெரியும்.

கடைசியாகப் போனது, முன்பு பானெட்டைத் திறக்க விடாமல் சிரித்த அதே ஹனூர்க்காரரின் வீட்டுக்கு. பெயர் முருகேசன். தனியாகத்தான் போனார். எப்படியோ கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சானை வெளியே எடுத்து, வாசலில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மாரடைப்பு என்றார்கள். முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேல செஞ்சுட்டிருக்கறாருன்னே நெனச்சமுங். டீயக் கொண்டாந்து பக்கத்துல வெச்சுப்போட்டு வந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, அப்பறந்தான் காலத் தொட்டுப் பாத்தமுங்."

வண்டிக்கடியில் பழைய பைப் கழற்றிக் கிடந்தது. புதியது ஒரு முனையில் மாட்டப்பட்டு, மறு முனை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எங்கே சொருக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை ஞாயிறு கூடப் போயும் நான் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வண்டியை எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். "இத இனி யாருங்க எடுப்பாங்க" என்றார் முருகேசன்.

மைசூருக்குக் கொண்டுவந்து காரியங்களை முடித்தோம். வந்தவர்களில் பலர் அவரால் பிழைத்ததைச் சொன்னார்கள். அவர் மாற்றிக் கொடுத்த வண்டியால்தான் மகளுக்குக் கல்யாணம் செய்தேன் என்று ஒருவர் அழுதார். அந்த வண்டி இப்போது எங்கே என்று அக்கா அவரிடம் கேட்டார். விற்று ரொம்ப நாளாச்சு என்றார் அவர். அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மச்சானின் போனை அக்கா என்னிடம் கொடுத்தார். எடுத்துப் பேச அவரால் முடியவில்லை. நேற்று மதியம் அதில் ஒரு அழைப்பு வந்தது. தெரியாத நம்பர்.

"ஏனுங், தனபால் மேஸ்திரிங்களா? பாலாறு டீக்கடையில நம்பரு குடுத்தாங்க. நம்ம வண்டிய நீங்க தேடறீங்கன்னு சொன்னாங்க."

"நான் அவரு மச்சினன்ங்க. வெள்ள பிக்கப்புங்களா? வண்டிய எடுக்காதீங்க. அதுல பெட்ரோல் பைப்பு மாத்தணும். தீப்பிடிச்சுரும்."

"வண்டியிலதானுங் போயிட்டிருக்கறேன்."

"ஓரமா நிறுத்திட்டு எறங்கிருங்க. இப்பவே."

"தக்காளி லோடு இருக்குதுங். எறக்கிப்போட்டுப் பாத்துக்கலாம். ஒரு வாசனையும் வர்லீங். மைலேஜுன்னா அப்படியொரு மைலேஜுங். மேஸ்திரிகிட்டச் சொல்லிருங்க."

போனை வைத்துவிட்டார். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்று காலையிலிருந்து மணிகூட அடிக்கவில்லை.

நிம்மதியாகப் போங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மச்சான். நீங்கள் துரத்திய வண்டி கிடைத்தது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை.