நீலச்சட்டைக்காரனும் சைக்கிள் பாரும்

என் பெரியப்பா பிரான்சிலிருந்து ஒருபோதும் வந்ததில்லை. அவருக்குப் பதிலாகப் பொம்மைகள் வந்தன. ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும் என்று ஒன்பது வயதில் நான் வயிறெரிந்தேன்.

பெரியப்பாவுக்கு அந்த நாட்டுப் பட்டாளத்தில் வேலை. பெரியம்மாவும் மகனும் பாண்டிச்சேரியில் இருந்தார்கள். பிரான்ஸ் போகிற காகிதம் தயாரானதும் விமானம் ஏறிவிடுவார்கள் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பேச்சு இருந்தது. காகிதம் தயாராகிற வரைக்கும் கோடை விடுமுறைக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே, கதவைத் திறந்தால் உப்பளம் கண்ணைக் கூசவைக்கிற வீடு. பெரியம்மா மகன் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவன், அதனால் அண்ணன். அந்தச் சில மாதங்களில் அவன் உலகத்துக்கு அப்படி என்ன செய்துவிட்டான் என்று எனக்கு விளங்கவில்லை.

அவன் வரும்போது செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றும் கூட வரும். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் பொம்மைகள். ஈயத்தில் வார்த்து வண்ணம் பூசியவை, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் உயரம். எல்லாப் பொம்மையிலும் ஒரே ஆள், நீலச்சட்டைக்காரன். அந்த ஊரில் பெரிய ரக்பி ஆட்டக்காரனாம். அவன் சின்னப் பையனாக ஆடத் தொடங்கியதிலிருந்து ஆட்டத்தை விட்ட நாள் வரைக்கும் வார்த்து, ஒவ்வொன்றாக விற்றார்களாம். ஒரு மனிதனின் ஆயுளைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் காயவைத்ததுபோல. யாராவது லீவில் ஊர் திரும்பினால் பெரியப்பா அவர் கையில் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்.

“இது பந்து,” என்றான் அண்ணன், ஆட்டக்காரன் அக்குளில் இடுக்கியிருந்ததைக் காட்டி.

“பந்துன்னா உருண்டையா இருக்கும். இது தேங்கா.”

“ரக்பி பந்து இப்படித்தான் இருக்கும். தூக்கிக்கினு ஓடுவாங்க. மத்தவங்க புடிச்சி தள்ளுவாங்க.”

“தேங்காய தூக்கிக்கினு ஓடுனா புடிக்கத்தான் செய்வாங்க.”

எனக்கு அது தெளிவாக ஒரு திருடனின் கதை. முதல் பொம்மையில் பையனாக இருக்கும்போதே தேங்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான். அடுத்ததில் முடி பறக்க ஓடுகிறான். ஒன்றில் இரண்டு பேர் அவன் தொடையைப் பிடித்து மேலே தூக்க, மரமே இல்லாத ஆகாயத்திலிருந்து பறிக்கிறான். இன்னொன்றில் தலையில் கட்டு, கட்டின் ஓரம் ஒரு சொட்டு ரத்தம். நன்றாக உதைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கையில் கோப்பை! திருடனுக்கு எதற்குக் கோப்பை கொடுத்தார்கள் என்பது மட்டும் இடித்தது.

ஆனால் அழகு. அந்த நீலம் எங்கள் ஊரில் எதிலும் இல்லை. உப்பங்கழியில் இல்லை, கடலில் இல்லை, ஆயுதபூஜைக்கு லாரிகளில் கட்டுகிற காகிதத்தில்கூட இல்லை. முழங்காலில் சேறு. அந்தச் சேற்றையும் யாரோ உட்கார்ந்து தூரிகையால் தீட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் சேறு தினமும் அப்பாவின் காலில் இலவசமாக வந்தது. அதை யாரும் பஞ்சில் பொதிந்து வைக்கவில்லை.

நான் கை நீட்டினால் அண்ணன் பெட்டியை இழுத்துக்கொள்வான். “உப்புக் கை. தொடாத. பெயிண்ட் போயிடும்.”

உப்புக் கை. முகர்ந்து பார்த்தேன், நக்கிப் பார்த்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். அது அப்படியே இருந்தது. பொறாமையும் அப்படித்தான் இருந்தது, விரலிடுக்கில், காய்ந்து, கடித்துக்கொண்டு.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. சைக்கிள் பார். விடியலில் அப்பா உப்பு வாரப் போகும்போது, விடுமுறையென்றால் என்னையும் கூட்டிப்போவார். பாரில் தன் துண்டைச் சுற்றி மெத்தையாக்கி, அதில் என்னை உட்காரவைத்து, இரண்டு கைக்கும் நடுவில் வைத்து மிதிப்பார். பின்னால் கேரியரில் தண்ணீர்க் கேனும் கஞ்சித் தூக்கும். விடுமுறைக்கு ஒரு தடவை வேலமரக் குச்சி ஒன்றை முற்றிப்போன உப்புத்தண்ணீரில் ஊன்றி வைப்பார். சில நாள் கழித்து எடுத்தால் குச்சி முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அது எனக்கு. ஆனால் இதெல்லாம் தினமும் இருப்பது. தினமும் இருப்பதை யாராவது பெட்டியில் வைப்பார்களா?

ஒருநாள் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நாளைக்கு பார்ல என்ன உக்கார வுடுறியா?”

“இன்னா தருவ?”

அவன் யோசிக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து, தலையில் கட்டுப் போட்டவனை எடுத்து என் உப்புக் கையில் வைத்தான். இவ்வளவு பெரிய முட்டாளை என் அம்மா அண்ணன் என்று கூப்பிடச் சொல்கிறாளே என்று நினைத்தேன்.

“ஏம்மா, நீ வரல?” என்று விடியலில் என்னைக் கேட்டார் அப்பா.

“வயித்த வலிக்குது.”

மறுநாள் தூக்கம் வந்தது. அதற்கும் மறுநாள் பூனை குட்டி போட்டிருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சவாரிக்கு ஒரு பொம்மை. ஓடுகிறவன் வந்தான், பறிக்கிறவன் வந்தான், கோப்பைக்காரனே வந்துவிட்டான். பெட்டி ஏறக்குறைய என்னுடையது. இனி அவன் வயிறெரிய வேண்டும், நான் பார்க்க வேண்டும். ஆனால் அவன் உப்பளத்திலிருந்து வந்ததும் ஜன்னல் கட்டையில் வரிசையாக நின்ற பொம்மைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோற்றை அள்ளி அள்ளித் தின்றுவிட்டுத் தூங்கினான்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “பொம்மய வச்சிக்கினு பொம்மையாட்டமே உக்காந்துனு இருக்கியே. உங்கப்பா புதுப் புள்ள கெடச்ச குஷியில கஞ்சித் தூக்க மறந்துட்டுப் போயிட்டாரு. போய்க் குடுத்துட்டு வா.”

புதுப் புள்ள. அந்த வார்த்தையைத் தூக்கோடு சேர்த்துச் சுமந்துகொண்டு வரப்பில் நடந்தேன். இன்னொரு கையில் தலைக்கட்டுக்காரன். வெயில் ஏறியிருந்தது, பாத்திகள் கண்ணாடியாகக் கிடந்தன. தூரத்தில் இரண்டு பேர் ஒரே வாரியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நீளக் கம்பின் நுனியில் பலகை, கம்பைப் பிடித்த நாலு கைகள். அண்ணனின் பாண்டிச்சேரிக் கால்சட்டை தொடைவரை சுருட்டியிருந்தது. முழங்காலில் சேறு. யாரும் தூரிகையால் தீட்டாதது. வெயில் தாக்காமல் இருக்க அப்பா தன் துண்டை அவன் தலையில் கட்டிவிட்டிருந்தார். என் பார்த் துண்டை. உள்ளங்கையைத் திறந்து பொம்மையைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். அதே தலைக்கட்டு. அப்பா ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள்.

வரப்பின் ஓரம், காற்று படாமல் ஓலை மறைவில், பூத்த குச்சி சாய்த்து வைத்திருந்தது.

“எனக்கா?” என்றேன்.

“இல்லம்மா, அண்ணனுக்கு. நீதான் வர்றதே இல்லியே,” என்றார் அப்பா.

அன்று மத்தியானம் பொம்மைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் அவன் மடியில் கொட்டினேன்.

“எடுத்துக்க. நாளைக்கு நான் போறேன்.”

“வேணாம். நீயே வச்சிக்க.”

“அப்ப அதையும் குடு.”

‘அது’ என்றால் கடைசிப் பொம்மை. பெட்டியில் தனியாகக் கிடந்தது. அதில் நீலச்சட்டைக்காரனுக்கு முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. ஓடவில்லை, உதைக்கவில்லை, நடந்துகொண்டிருந்தான். கையில் ஒரு சின்னப் பையனின் கை. இருப்பதிலேயே மட்டமான பொம்மை. வரிசை முடிய வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

“தரமாட்டேன்.”

“ஒரு வாரத்துக்கு பார்ல நீயே போ.”

“தரமாட்டேன்.”

பிடுங்கினேன். அவன் என் மணிக்கட்டைக் கடித்தான். கோப்பையைக் கூசாமல் தூக்கிக் கொடுத்தவன், இதற்குப்போய்க் கடித்தான். நான் போட்ட கூச்சலில் அப்பா எழுந்து வந்தார். இரண்டு பேரையும் விலக்கி, அந்தப் பொம்மையை வாங்கி, வெடித்த உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார்.

“யாருடா இது, கூட நடக்குற பையன்?”

“அவரு புள்ள, சித்தப்பா. ஆட்டம் முடிஞ்சிடுச்சி. இனிமே வூட்லதான் இருப்பாரு.”

அப்பா பொம்மையை அவனிடமே கொடுத்தார். தலையைத் தடவிக்கொடுத்தார், அவன் தலையை. கடிபட்ட என் மணிக்கட்டுக்கு அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள்.

மறுநாளிலிருந்து தண்ணீர்க் கேனையும் தூக்கையும் ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டார். அவன் பாரில். எனக்கு வழியெல்லாம் அப்பாவின் முதுகு, வியர்வை ஊறி வெளுத்த சட்டை. அந்த முதுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல், “சித்தப்பா, சித்தப்பா” என்று, ஓயாமல். இப்போது அந்த ரக்பி ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்கிறேன். பந்தைப் பின்னால் இருக்கிறவருக்குத்தான் எறியலாம் என்பது அதன் சட்டமாம். அன்றைக்குப் பின்னால் இருந்த எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

விடுமுறை முடிந்து பஸ் ஏறுகிற நாளில் அவன் ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய உப்புக் குச்சி. சட்டைப்பையில் அந்தப் பொம்மை, தலை மட்டும் வெளியே தெரிந்தது. “உப்பு தண்ணியா ஊத்தப்போவுதுடா, குச்சிய தூக்கிப் போடு,” என்றாள் பெரியம்மா. அவன் கேட்கவில்லை. அப்பாவின் விரலை அவன் விடவும் இல்லை. கண்டக்டர் விசில் ஊதி, பெரியம்மா அதட்டி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பஸ் ஏறத் தெரியாத பயல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து பொம்மைகளை வயதுப்படி ஜன்னல் கட்டையில் நிறுத்தினேன். பிடுங்க யாரும் இல்லை, தொடாதே என்று சொல்லவும் யாரும் இல்லை. கடைசி இடம் மட்டும் காலி. அந்த ஒன்றை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அதில் ரத்தம் இல்லை, கோப்பை இல்லை, தேங்காய்கூட இல்லை. இத்தனை வருஷம் அடிபட்டு, உதைபட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிய தேங்காயை யாரோ வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு பையனைக் கையில் பிடித்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரியான நஷ்டம். அந்த நஷ்டத்தைத்தான் அண்ணன் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். ஏமாந்துபோன நீலச்சட்டைக்காரனுக்காகவும் அண்ணனுக்காகவும் அன்று கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.